கனத்த ட்ரிகரும் பார்சலில் வரும் ஸ்ப்ரிங்கும்

திண்டுக்கல் வாசகர் ஒருவர் விரிவாகவே எழுதியிருக்கிறார். அப்பாவுக்குப் பிறகு வாரிசு முறையில் அவர் பெயருக்கு லைசென்ஸ் மாறிய .22 ரைஃபிள் ஒன்று வீட்டில் இருக்கிறது. செக்கோஸ்லோவாகியாவில் செய்த பிர்னோ மாடல் 2. கிளப்பில் சேர்ந்து 50 மீட்டரில் படுத்துச் சுடப் பழகிவருகிறார். குறி நிற்கிறது, ஆனால் ட்ரிகரை அழுத்தும் கடைசி நொடியில் முனை ஆடிவிடுகிறது. "ட்ரிகர் கல்லு மாதிரி இருக்கு சார்" என்கிறார். அவர் முன்னால் மூன்று யோசனைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் ஒரு ட்ரிகர் கிட் வாங்கிப் பார்சலில் அனுப்பத் தயார். நாகல் நகரில் தெரிந்த பூட்டுப் பட்டறைக்காரர் ஒருவர் உள்ளே இருக்கும் கொக்கியைத் தேய்த்துத் தருகிறேன் என்கிறார். இரண்டும் இல்லையென்றால் தானே பிரித்துப் பார்க்கலாமா என்கிறார்.

முதல் இரண்டும் கூடாது. மூன்றாவதில் கால் பங்கு செய்யலாம், அந்தக் கால் பங்கிலேயே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

ட்ரிகர் என்பது உள்ளே இருக்கும் ஒரு சிறிய படியைப் பிடித்து விடும் வேலைதான். போல்ட்டை மூடும்போது ஃபயரிங் பின்னோடு சேர்ந்த பகுதி ஒரு வலுவான ஸ்ப்ரிங்கை அழுத்திக்கொண்டு பின்னால் நிற்கிறது. அதை முன்னே பாயவிடாமல் தடுத்து நிற்பதற்குப் பெயர் சியர். விரல் அழுத்தும்போது சியரின் விளிம்பு மெல்ல நழுவுகிறது. நழுவி முடிந்த இடத்தில் பின் பாய்கிறது. நழுவுகிற தூரம் அதிகமானால் ட்ரிகர் இழுபடுவது கையில் தெரியும். சுடுகிறவர்கள் இதை 'கிரீப்' என்பார்கள். வெடித்த பிறகும் ட்ரிகர் பின்னோக்கி ஓடினால் அது 'ஓவர் டிராவல்'. இவை எல்லாவற்றுக்கும் தேவைப்படும் விசை எத்தனை கிராம் என்பதுதான் 'புல்' எடை.

புதிதாகச் சுடுகிறவர்கள் எடையை மட்டும்தான் கவனிக்கிறார்கள். என் அனுபவத்தில் எடையைவிடக் கிரீப்தான் குறியைக் கெடுக்கிறது. ஒன்றரைக் கிலோ ட்ரிகர் கண்ணாடி உடைவதுபோலச் சட்டென்று விட்டால் அதில் நன்றாகவே சுடலாம். 800 கிராம் ட்ரிகர் மணலில் இழுப்பதுபோல நறநறத்தால் எப்போது வெடிக்கும் என்று மனம் காத்திருக்கும். காத்திருக்கும் மனம் கையைக் கெடுக்கும்.

எடைக்கும் கணக்கு உண்டு. உங்கள் ரைஃபிள் சுமார் மூன்று கிலோ. இந்த வகைப் பழைய ரைஃபிள்களில் ட்ரிகர் நான்கு, ஐந்து பவுண்டு வரை கேட்பது வழக்கம். அதாவது இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில். துப்பாக்கியின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு விசையை ஒரே விரலால் கொடுத்துவிட்டு, துப்பாக்கி அசையக்கூடாது என்று எதிர்பார்க்கிறோம். போட்டி ரைஃபிள்களில் நிலைமை நேர் எதிர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினாரே, அந்தப் பிரிவில் துப்பாக்கி எட்டுக் கிலோ வரை இருக்கலாம். ட்ரிகருக்குக் குறைந்தபட்ச எடை என்று சர்வதேச விதியில் எதுவும் இல்லை. சில பத்துக் கிராமிலிருந்து நூறு, நூற்றைம்பது கிராம் வரை வைத்துக்கொள்வார்கள். மூன்று கிலோ வேட்டை ரைஃபிளில் அந்த எடையை ஆசைப்படுவது ஆபத்து. அந்த ட்ரிகர்கள் அதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. உங்களுடையது அப்படி இல்லை.

முதலில் அளந்து பாருங்கள். கனமாக இருக்கிறது என்பது உணர்ச்சி, எண் அல்ல. அளக்கும் கருவி வாங்க வேண்டியதில்லை. போட்டிகளில் நடுவர்கள் எடைக்கட்டியைத் தொங்கவிட்டுத்தான் சோதிக்கிறார்கள். வீட்டில் அதே வேலையை ஒரு தண்ணீர் பாட்டில் செய்யும். மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறை காலி என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள், தோட்டாக்களை வீட்டின் வேறு அறையில் வையுங்கள். தோட்டா அறையில் ஒரு 'ஸ்னாப் கேப்' (மருந்தில்லாத போலித் தோட்டா) போட்டு போல்ட்டை மூடுங்கள். உங்கள் .22 போன்ற ரிம்ஃபயரில் ஃபயரிங் பின் தோட்டாவின் விளிம்பில் அடிக்கிறது. அறையில் ஒன்றும் இல்லாமல் திரும்பத் திரும்ப அடித்தால் சில மாடல்களில் பின் அறையின் விளிம்பிலேயே இடித்துக் குழி போட்டுவிடும். பிறகு தோட்டா சரியாக உட்காராது, வெளியேயும் வராது. ஸ்னாப் கேப் இல்லையென்றால் சுட்ட காலி உறையை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

குழல் செங்குத்தாக மேலே பார்க்கும்படி பிடித்து, ட்ரிகரின் நடுவில் கொக்கிபோல வளைத்த கம்பியில் பாட்டிலை மாட்டி, ரைஃபிளை மெதுவாக உயர்த்துங்கள். ட்ரிகர் விடவில்லை என்றால் இன்னும் தண்ணீர் ஊற்றுங்கள். விட்டதும் பாட்டிலையும் கம்பியையும் மளிகைக் கடை மின்தராசில் வையுங்கள். ஐந்தாறு முறை செய்தால் ஒரு சராசரி வரும். அந்தச் சராசரியைவிட முக்கியமானது ஏற்ற இறக்கம். ஒருமுறை 1,700 கிராம், மறுமுறை 2,200 என்று வந்தால் கோளாறு ஸ்ப்ரிங்கில் இல்லை. உள்ளே அழுக்கோ உரசலோ இருக்கிறது.

திண்டுக்கல் பக்கம் நான் கண்ட பழைய .22-களில் பாதிக்கு மேல் நோய் இதுதான். காரணம் ஊகிக்கக்கூடியது. செம்மண் புழுதி, ஆடிக் காற்று, வேடசந்தூர் பக்கம் என்றால் பஞ்சாலைத் தூசியும் சேரும். அதன்மேல் வீட்டில் இருக்கிற எண்ணெய். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்த துப்பாக்கிகளை இன்றும் பார்க்கிறேன். அது 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் ட்ரிகர் ஒரு மாதிரியும் மதியம் இன்னொரு மாதிரியும் இருப்பதற்கு வேறு மர்மம் தேட வேண்டாம். நாளானால் அது பிசினாகி, புழுதியைப் பிடித்துக்கொண்டு தேய்க்கும் பசையாகவே மாறிவிடும்.

தேர்தல் நேரம் இன்னொன்று. அறிவிப்பு வந்தால் பலரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. துருப் பிடிக்கக் கூடாதென்று கட்டிக் கிரீஸ் தடவிக் கொடுக்கிறார்கள், நல்ல காரியம். திரும்பி வாங்கி வந்தபின் குழலை மட்டும் துடைத்துவிட்டு உறையில் போட்டுவிடுகிறார்கள். ட்ரிகர் பகுதிக்குள் போன கிரீஸ் அங்கேயே இருக்கிறது.

ஆகவே, போல்ட்டை எடுத்துவிட்டு, அடியில் உள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றி, மரக்கட்டையிலிருந்து குழலையும் ஆக்‌ஷனையும் பிரித்தெடுங்கள். உங்கள் கையால் செய்ய வேண்டிய பிரிப்பு இவ்வளவுதான். பின்களைத் தட்டி ட்ரிகரைத் துண்டு துண்டாக்க வேண்டாம். ஸ்க்ரூ டிரைவர் காடிக்குச் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாத டிரைவரால் சிதைந்த ஸ்க்ரூதான் பழைய துப்பாக்கியின் அடையாளம். ட்ரிகர் பகுதியை வெள்ளைப் பெட்ரோலாலோ, துப்பாக்கிக் கடையில் கிடைக்கும் சால்வெண்டாலோ கழுவி, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, காற்றில் உலரவிடுங்கள். காற்றோட்டமான இடம், பக்கத்தில் அடுப்பு இருக்கக் கூடாது. உலர்ந்தபின் பின்களுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. சியர் விளிம்புக்கு மாலிப்டினம் கிரீஸ் ஊசிமுனையளவு. அதற்குமேல் எண்ணெய் எதற்கு?

மரக்கட்டையையும் பாருங்கள். ட்ரிகர் போய்வரும் பள்ளத்தின் சுவரில் பளபளப்பாகக் கோடு இருந்தால், மழைக்காலத்தில் மரம் ஊதி ட்ரிகரை உரசுகிறது என்று அர்த்தம். ட்ரிகர் கார்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாலும் இதே கதை. ஆக்‌ஷன் ஸ்க்ரூக்களை அளவுக்கு மீறி முறுக்கினாலும் ஆக்‌ஷன் லேசாக வளைந்து போல்ட்டும் ட்ரிகரும் சேர்ந்து இறுகும். இரண்டு ஸ்க்ரூவையும் மாறி மாறி, சமமாக, இறுக்கம் தட்டியதும் நிறுத்துங்கள். பிறகு பாட்டிலை மறுபடி மாட்டுங்கள். எண் குறைந்திருக்கிறதோ இல்லையோ, ஏற்ற இறக்கம் குறைந்திருக்கும்.

இதற்குப் பிறகும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் காட்டினால் உதிரிபாகம் பற்றிப் பேசலாம்.

வெளிநாடுகளில் இது பெரிய சந்தை. ரூகர் 10/22-க்கு வோல்க்வார்ட்சன், டிம்னி. செக் ரைஃபிள்களுக்கு ரைஃபிள் பேசிக்ஸ் என்று பெயர்கள் இருக்கின்றன. முழு ட்ரிகரையே மாற்றுவது ஒரு வகை. பழையதை வைத்துக்கொண்டு மெல்லிய ஸ்ப்ரிங், ஆட்டத்தை அடைக்கும் ஷிம் இவற்றைப் போடுவது இன்னொரு வகை. பிர்னோவைப் போன்ற எளிய அமைப்புக்கு இரண்டாவதே போதும். ட்ரிகருக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறு ஸ்ப்ரிங்தான் எடையின் பெரும் பங்கைத் தீர்மானிக்கிறது.

ஆனால் எந்த ஸ்ப்ரிங் என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். ஃபயரிங் பின்னை முன்னே தள்ளும் பெரிய ஸ்ப்ரிங்கை இளக்கினாலும் ட்ரிகர் லேசாகும், ஏனென்றால் சியர்மேல் சாயும் பாரம் குறைகிறது. இதைச் செய்யவே கூடாது. ரிம்ஃபயர் தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை அடிப்பாகத்தின் விளிம்பு மடிப்புக்குள் பரவியிருக்கிறது; பின் அந்த மடிப்பை நசுக்கியாக வேண்டும். அடி பலவீனமானால் சில தோட்டா வெடிக்காது. வெடிப்பவையும் ஒரே சீராகப் பற்றாது. 50 மீட்டரில் துளைகள் மேலும் கீழுமாக நீளும். ட்ரிகர் சுகமாகிவிட்டது, துளைக் குழு மட்டும் ஏன் கெட்டது என்று அப்புறம் தோட்டாவைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். வெடிக்காத தோட்டாவுக்குத் தனி அபாயமும் உண்டு. போல்ட்டை உடனே திறக்காமல், குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிடமாவது பொறுங்கள்.

இப்போது மைத்துனரின் பார்சல். 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்றால் அதன் பாகங்களும் சேர்த்துத்தான். லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் இறக்குமதி செய்வதைப் பத்தாவது பிரிவு தடுக்கிறது. சின்னப் பாகங்களுக்கு 45வது பிரிவில் ஒரு விலக்கு இருப்பது உண்மைதான். அதைப் படித்துவிட்டு, "இது வெறும் ஸ்ப்ரிங்தானே" என்று வாதிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த விலக்கு, மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாதவருக்குத்தான். உங்களிடம் ரைஃபிளே இருக்கிறது. அதில் போடத்தான் வாங்குகிறீர்கள். சுங்கத்தில் பார்சல் பிரிக்கப்பட்டால் ஸ்ப்ரிங் போனதோடு நிற்காது, அப்பா காலத்திலிருந்து காப்பாற்றி வந்த லைசென்ஸும் கேள்விக்குள்ளாகும். பாகம் வேண்டுமென்றால் லைசென்ஸ் பெற்ற விற்பனையாளர் மூலமாக, பில்லோடு வாங்குங்கள். கிளப் வழியாக மாநிலச் சங்கத்தையும் கேட்டுப் பாருங்கள். போட்டியாளருக்கு என்ன சலுகை உண்டு என்பதை அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள். நேரம் எடுக்கும். எடுக்கட்டும்.

பூட்டுப் பட்டறைக்கு வருகிறேன். திண்டுக்கல்காரருக்கு இந்த யோசனை வந்தது இயல்பு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு உங்கள் ஊருடையது. லீவரைக் கையால் அரம் போட்டு, சாவிக்கு மயிரிழை பிசகாமல் பொருத்தும் ஆட்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். இன்னும் பின்னால் போனால், 1755-இல் திண்டுக்கல்லுக்கு ஃபௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களை வைத்து ஆயுதசாலையே நடத்திய ஊர் அது. கைத்திறமையில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

இருந்தாலும் கொடுக்காதீர்கள். இரண்டு காரணம். சட்டத்தின் ஐந்தாவது பிரிவின்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவை மீறுவோருக்குத் தண்டனை ஏழாண்டில் தொடங்கி ஆயுள் வரை போகலாம். உங்களுக்கு உதவ வந்த பட்டறைக்காரரை அந்த வம்பில் ஏன் இழுத்துவிட வேண்டும்? அடுத்தது உலோகம். பூட்டின் லீவர் முழுக்க ஒரே தன்மை; தேய்த்தாலும் உள்ளே அதே பித்தளைதான், அதே இரும்புதான். பழைய ரைஃபிள்கள் பலவற்றில் சியர் அப்படி இல்லை. மேல்தோல் மட்டும் கடினப்படுத்தியது. அந்தத் தோலின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு. அரம் அதைத் தாண்டிவிட்டால் கீழே இருப்பது மென்மையான எஃகு. முதல் வாரம் ட்ரிகர் வெண்ணெய்போல இருக்கும். நூறு, இருநூறு முறை வெடித்தபின் விளிம்பு மழுங்கும், கோணம் மாறும், ஒருநாள் போல்ட்டை மூடும்போதே தானாக வெடிக்கும். அந்த நேரத்தில் குழல் எந்தப் பக்கம் இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

சில ரைஃபிள்களில் தயாரிப்பாளரே எடைக்கு ஒன்று, சியர் பிடிப்புக்கு ஒன்று, ஓவர் டிராவலுக்கு ஒன்று என ஸ்க்ரூ வைத்திருப்பார். எடை ஸ்க்ரூவைக் கையேட்டில் சொன்ன எல்லைக்குள் திருப்பலாம். ஓவர் டிராவலைக் கவனமாகத் தொடலாம். சியர் பிடிப்பு ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். கால் சுற்றில் கிரீப் மாயமாக மறையும். அதே கால் சுற்றில் பாதுகாப்பும் மறையும். உங்கள் பிர்னோவில் என்ன இருக்கிறது என்பதைக் கழுவும்போதே பார்த்துக்கொள்ளுங்கள், மாடலுக்கு மாடல் மாறும்.

லைசென்ஸ் பெற்ற கன்ஸ்மித்திடம் போகும்போது "ட்ரிகரை லேசாக்குங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிக் கேட்டால் அவர் விருப்பத்துக்கு லேசாக்குவார். ட்ரிகர் ஸ்ப்ரிங்கை மட்டும் மாற்றுங்கள், எடை 1,000 முதல் 1,200 கிராமுக்குள் இருக்கட்டும், ஃபயரிங் பின் ஸ்ப்ரிங்கைத் தொடாதீர்கள், சியரை அரத்தால் தேய்க்காதீர்கள், மெருகு ஏற்ற வேண்டுமானால் கோணம் மாறாமல் நுண்கல்லில் மட்டும் செய்யுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். பழைய ஸ்ப்ரிங்கைத் திருப்பி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ என்று நான் சொல்வது எடுத்தேன் கவிழ்த்தேன் என்று அல்ல. சர்வதேச விதியில் .22 ஸ்போர்ட் பிஸ்டலுக்கே குறைந்தபட்சம் 1,000 கிராம் வேண்டும். 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500. 300 மீட்டர் ஸ்டாண்டர்ட் ரைஃபிளுக்கு 1,500. வேட்டை ரைஃபிளாகப் பிறந்த உங்கள் துப்பாக்கிக்கு ஒரு கிலோ நல்ல இடம்.

வேலை முடிந்து வந்ததும், கடையிலேயே, காலி அறையோடு சோதியுங்கள். போல்ட்டை வேகமாக அடித்து மூடுங்கள். பத்துப் பதினைந்து முறை. பின் விழக் கூடாது. கட்டையின் அடியை ரப்பர் விரிப்பில் தட்டுங்கள், ரப்பர் சுத்தியலால் பக்கங்களில் தட்டுங்கள், விழக் கூடாது. சேஃப்டியைப் போட்டு ட்ரிகரைப் பலமாக அழுத்தி விடுங்கள். பிறகு, விரலை ட்ரிகரில் வைக்காமல், சேஃப்டியை எடுங்கள். அந்த நேரம் பின் விழுந்தால் சியர் பிடிப்பு போதவில்லை. துப்பாக்கியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். இந்தச் சோதனைகளில் ஒன்றில் ஒரே ஒருமுறை தோற்றாலும் தோல்விதான். முதல் நாள் ரேஞ்சில் மேகசினில் ஒரே ஒரு தோட்டா மட்டும் போட்டுச் சுடுங்கள்.

ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. 20 ஜூலுக்கு மிகாத .177 ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தொல்லை இல்லை. ட்ரிகர் அமைப்பைப் பயிற்சியாளரின் மேற்பார்வையில் மாற்றிப் பழகலாம். ஸ்ப்ரிங் வகையில் குழலை மடக்கித் திறந்த நிலையில் ட்ரிகரை ஒருபோதும் அழுத்தாதீர்கள். குழல் படாரென்று மூடும், விரல் இருந்தால் போகும். ஏர் ரைஃபிள் தோட்டத்துப் பன்றிக்கு உதவுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். உதவாது. உதவினாலும் வனவிலங்குச் சட்டம் இருக்கிறது.

கடைசியாக விரல். ட்ரிகர் சரியான பின்னும் முனை ஆடினால் விரலின் நுனிச் சதையா, முதல் மடிப்பா எது ட்ரிகரில் படுகிறது என்று பாருங்கள். நுனிச் சதையின் நடுப்பகுதி படவேண்டும். அழுத்தம் பின்னோக்கி நேராகப் போகவேண்டும். விரலின் மற்றப் பகுதி கட்டையில் உரசக்கூடாது. கட்டை நீளமாக இருந்து எட்டிப் பிடித்தால் எந்த ட்ரிகரும் கனமாகத்தான் தெரியும். தினமும் மாலையில் ஸ்னாப் கேப்பை வைத்துச் சுவரில் ஒட்டிய புள்ளியைப் பார்த்து இருபது முறை அழுத்திப் பழகுங்கள். வெடித்த பிறகும் ஒரு நொடி விரலை விடாமல் பிடியுங்கள். என்.சி.சி. முகாமில் கனத்த .22 டீலக்ஸ் ரைஃபிளில் நல்ல குழு போட்ட பிள்ளைகள் இப்படித்தான் பழகினார்கள். அவர்களுக்கு யாரும் டிம்னி வாங்கித் தரவில்லை.

உங்கள் கேள்விக்கு என் தீர்ப்பு இது: இந்த மாதம் கழுவுங்கள், அளந்து எழுதி வையுங்கள், ஸ்னாப் கேப்பில் பழகுங்கள். அடுத்த மாதமும் பாட்டில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் காட்டினால் மட்டும், அந்தத் தாளோடும் லைசென்ஸோடும் கன்ஸ்மித்திடம் போங்கள். மைத்துனரிடம் பார்சல் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.